நூறு தோட்டாவில் தெரியாத உண்மை

லண்டன் ஒலிம்பிக் போட்டியில், 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி, 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் பிரிவில் இந்திய ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்றார். இறுதிச் சுற்றில் சுட்ட 40 குண்டுகளில் 30 இலக்கின் மையப்பகுதியைத் தொட்டன. தங்கம் வென்ற கியூபா வீரர் லியூரிஸ் பூபோவுக்கு 34. இந்தப் போட்டியின் அமைப்பை அறிந்தவர்களுக்கே அந்த எண்களின் அருமை புரியும். வீரர் கையை 45 பாகை தாழ்த்தி நிற்க வேண்டும். விளக்கு மாறியதும் கையை உயர்த்தி, வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளையும் தலா ஒரு குண்டால் சுட வேண்டும். இவை அனைத்துக்கும் கிடைப்பது நான்கு விநாடி.

அந்த நான்கு விநாடிகளில் வீரரின் கண்ணும் கையும் செய்யும் வேலையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. கைத்துப்பாக்கி செய்யும் வேலையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒவ்வொரு முறை சுட்டதும் அது காலி உறையைப் பிடித்து இழுத்து, வெளியே எறிந்து, விசையைத் தயார் செய்து, மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடிக்கொள்ள வேண்டும். ஒரே ஓர் உறை சிக்கிக்கொண்டாலும் தொடர் அங்கேயே நின்றுவிடும்.

கருவி ஒத்துழைக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் டோக்கியோவில் பார்த்தோம். 2021 ஜூலையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாகரின் துப்பாக்கி பழுதானது. அதைச் சரிசெய்வதற்குள் போட்டி நேரத்தின் ஒரு பகுதி கரைந்தது. இறுதிச் சுற்றுக்கான வாய்ப்பும் போனது. அது காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி. அதில் தோட்டாவுக்கு இடமில்லை. ஆனால், தோட்டாவால் இயங்கும் 25 மீட்டர் பிரிவுகளில் இத்தகைய இடர் ஒவ்வொரு குண்டுக்கும் உண்டு. அந்த இடரை முன்கூட்டியே அளந்து பார்க்க முடியும். நம் சுடுதளங்களில் அந்த அளவீடு பெரும்பாலும் தவறாகச் செய்யப்படுகிறது என்பதே இக்கட்டுரையாளரின் வாதம்.

புதிய கைத்துப்பாக்கி ஒன்று வந்ததும் நடப்பது இதுதான்: கையில் கிடைக்கும் மூன்று, நான்கு வகைத் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி வாங்குவார்கள். ஒரு பெட்டியில் 50 இருக்கும். ஒரு பிற்பகலில் எல்லாவற்றையும் சுட்டுப் பார்ப்பார்கள். ‘இந்த வகையில் இரண்டு முறை சிக்கியது, அந்த வகையில் ஒன்றுகூட இல்லை, ஆகவே அதுவே இந்தத் துப்பாக்கிக்கு ஏற்றது’ என்று முடிவு கட்டுவார்கள். கேட்பதற்கு அறிவியல் முறைபோலத் தோன்றும் இந்த முடிவுக்கு அடிப்படை மிகவும் பலவீனமானது. ஏன் என்று பார்ப்பதற்கு முன், அந்தச் சிறு தோட்டாவின் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது.

விளிம்பில் இருக்கும் சிக்கல்

ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் பயன்படுவது ‘.22 லாங் ரைஃபிள்’ எனப்படும் தோட்டா. அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887-இல் அறிமுகப்படுத்தியது. ரேபிட் ஃபயர் பிரிவில் 2005-ஆம் ஆண்டுக்கு முன்பு வரை ‘.22 ஷார்ட்’ என்ற இன்னும் சிறிய தோட்டா புழக்கத்தில் இருந்தது. இரண்டுமே ‘ரிம்ஃபயர்’ வகை. ராணுவ, காவல் துறைத் துப்பாக்கிகளின் தோட்டாக்களில் தீப்பற்று மருந்து அடிப்பகுதியின் நடுவே தனிக் கிண்ணத்தில் இருக்கும். ரிம்ஃபயர் தோட்டாவிலோ அது அடிப்பகுதியைச் சுற்றி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மெல்லிய விளிம்பின் உட்குழிவில் இருக்கிறது. சுடு ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது மருந்து பற்றிக்கொள்கிறது.

தயாரிப்பின்போது ஈரமான மருந்துத் துளியை உறைக்குள் இட்டு, உறையை வேகமாகச் சுழற்றுவார்கள். மருந்து விளிம்பின் உட்குழிவெங்கும் பரவ வேண்டும். எங்கேனும் ஓரிடத்தில் பரவாமல் போனால், சுடு ஊசி சரியாக அந்த இடத்தில் விழும்போது தோட்டா வெடிக்காது. அதே தோட்டாவை எடுத்துச் சற்றுத் திருப்பி வைத்துச் சுட்டால் வெடித்துவிடும். ரிம்ஃபயர் துப்பாக்கியைக் கையாண்ட எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

விளிம்புக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. தோட்டா குழலின் பின்முனை அறைக்குள் எவ்வளவு ஆழம் போய் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் தடிமன்தான். விளிம்பு மெல்லியதாக இருந்தால் பின்னால் இடைவெளி விழும். ஊசியின் அடி வலுவிழக்கும்.

குண்டின் வடிவமும் பழங்காலத்தது. அதன் வெளித்தெரியும் பகுதி உறையின் வெளி அகலத்துக்குச் சமமாக இருக்கும்; அடிப்பகுதி மட்டும் சற்றுக் குறுகி உறைக்குள் செருகப்பட்டிருக்கும். ஆகவே ஈயத்தின் மேல் பூசப்படும் மெழுகோ கொழுப்போ வெளியே திறந்தே கிடக்கிறது. தூசு அதில் ஒட்டும். குளிர்ந்தால் இறுகும், வெயிலில் இளகும். பல நூறு குண்டுகள் சுட்ட பிறகு கரியும் மெழுகும் கலந்த பசை அறையின் வாயில் படிந்துவிடும். போட்டித் துப்பாக்கிகளில் துல்லியத்துக்காக அந்த அறையை இறுக்கமாகக் கடைந்திருப்பார்கள் என்பதால் சிறிது பசையே போதும், அடுத்த தோட்டா முழுமையாக உள்ளே போகாமல் நின்றுவிட.

தேசிய மாணவர் படையில் இருந்த வாசகர்கள் .22 ரைஃபிளைத் தரையில் படுத்துச் சுட்டிருப்பார்கள். அது ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி. தோட்டா பலவீனமானதா, வலுவானதா என்பதைப் பற்றி அதன் இயக்கம் கவலைப்படுவதில்லை. வேலையைச் செய்வது கை. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் அந்த வேலையைச் செய்வது தோட்டாவே. .22 கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் ‘ப்ளோபேக்’ எனப்படும் எளிய முறையில் இயங்குகின்றன. குழலையும் பின்மூடியையும் இணைக்கும் பூட்டு ஏதும் கிடையாது. பின்மூடியின் எடையும் அதற்குப் பின்னுள்ள சுருள்வில்லுமே அறையை மூடி வைத்திருக்கின்றன. குண்டு முன்னே பாயும்போது, அதே அழுத்தம் காலி உறையைப் பின்னே தள்ளுகிறது. உறை பின்மூடியைத் தள்ளுகிறது. இந்தத் தள்ளுதல் குறைந்தால் உறை முழுமையாக வெளியேறாது. மிகுந்தால் பின்மூடி வேகமாகப் போய்த் திரும்பி, மேகசின் அடுத்த தோட்டாவை மேலே உயர்த்துவதற்குள் மூடிக்கொள்ளும்.

இங்கே கணக்கில் வருவது குண்டின் ஆற்றல் அல்ல. உந்தம், அதாவது எடையும் வேகமும் பெருக்கி வருவது. அமெரிக்காவின் சி.சி.ஐ. நிறுவனம் விற்கும் நான்கு வகைகளை எடுத்துக்கொள்வோம். சாதாரண வேக வகையில் 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 326 மீட்டர் வேகத்தில் செல்வதாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் உந்தத்தை 100 என்று வைத்தால், அதே எடைக் குண்டை 376 மீட்டர் வேகத்தில் செலுத்தும் ‘மினி-மேக்’ 115 ஆகும். 32 கிரெய்ன் குண்டை 500 மீட்டர் வேகத்தில் செலுத்தும் ‘ஸ்டிங்கர்’ ஏறத்தாழ 123. ஓசை குறைந்த ‘கொயட்’ வகையோ 66 மட்டுமே. இவை நீண்ட ரைஃபிள் குழலில் எடுத்த வேகங்கள். கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் எல்லாமே குறையும். ஆயினும் ஒப்பீடு தெளிவானது. ஒரே அளவு, ஒரே பெயர் கொண்ட தோட்டாக்களின் தள்ளுவிசை, பலவீனமானதற்கும் வலுவானதற்கும் இடையே கிட்டத்தட்ட இருமடங்கு வேறுபடுகிறது. ஒரே சுருள்வில் இவை அனைத்துக்கும் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதே மிகை.

மைதானத்தில் பறக்கும் பொழுதுபோக்குத் துப்பாக்கிகளை வலுவான தோட்டாவுக்கு ஏற்ப அமைப்பார்கள். ஆகவே அவை மென்மையான போட்டித் தோட்டாவில் தடுமாறலாம். பார்டினி, வால்தர் போன்ற நிறுவனங்களின் போட்டித் துப்பாக்கிகளோ சாதாரண வேகத் தோட்டாவுக்கெனவே அமைக்கப்படுபவை. அவற்றில் அதிவேகத் தோட்டாவைப் போடுவது இயந்திரத்தை வதைப்பதாகும். ஸ்டிங்கர் வகையின் உறை வழக்கமானதைவிடச் சற்று நீளமானது என்பதால் இறுக்கமான போட்டி அறைகளில் அதைப் பயன்படுத்தவே கூடாது. எனவே எந்தச் சோதனைக்கும் முதல் படி, துப்பாக்கியுடன் வரும் கையேட்டைப் படிப்பது. இதைச் செய்யாமல் தோட்டாவைக் குறை சொல்பவர்கள் எண்ணிக்கையில் குறைவல்ல.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

இப்போது அந்தப் பிற்பகல் சோதனைக்குத் திரும்புவோம். ஒரு வகையில் 50 குண்டுகள், தடங்கல் இல்லை. இன்னொரு வகையில் 50 குண்டுகள், இரண்டு தடங்கல்கள். முதல் வகை சிறந்தது என்று சொல்லலாமா?

உண்மையில் இரண்டு வகைகளுமே சமம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் இரண்டு தடங்கல்கள் நேர்ந்தன. ஒவ்வொன்றும் எந்தப் பெட்டியில் விழும் என்பது நாணயம் சுண்டுவது போன்றதே. இரண்டும் ஒரே பெட்டியில் போய் விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பாதி. நாணயத்தை இரு முறை சுண்டினால் இரண்டு முறையும் ஒரே பக்கம் விழுவது எவ்வளவு இயல்போ, இதுவும் அவ்வளவு இயல்பு. அதை வைத்து ஓராண்டுக்கான தோட்டாவைத் தேர்வு செய்கிறோம்.

‘நூறு குண்டு சுட்டேன், ஒருமுறைகூடச் சிக்கவில்லை’ என்ற சொல்லின் மதிப்பையும் பார்ப்போம். நூற்றுக்கு ஒன்று வீதம் தடங்கல் தரும் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். போட்டிக்கு இது ஏற்றதல்ல என்பதில் ஐயமில்லை. அந்தத் துப்பாக்கி தொடர்ந்து நூறு குண்டுகளைத் தடங்கலின்றிச் சுடுவதற்கான வாய்ப்பு, 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 37 சதவீதம். ஐம்பது குண்டுச் சோதனை என்றால் 60 சதவீதம். அதாவது, குறையுள்ள துப்பாக்கி ஐம்பது குண்டுச் சோதனையில் தேறிவிடுவதே அதிக வாய்ப்புள்ள முடிவு.

புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்று எளிய விதி ஒன்று உண்டு. மருந்துகளின் அரிய பக்கவிளைவுகளை மதிப்பிடவும் இதைப் பயன்படுத்துவார்கள். எத்தனை முறை முயன்றும் ஒரு தவறும் நேரவில்லையெனில், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான தவறு வீதம் அதற்கு மேல் இராது என்று 95 சதவீத நம்பிக்கையுடன் கூறலாம். 50 குண்டுகளில் தடங்கல் இல்லையென்றால், வீதம் 6 சதவீதத்துக்கு மேல் இராது என்றுதான் சொல்ல முடியும். 100 என்றால் 3 சதவீதம். 300 என்றால் 1 சதவீதம். ஆயிரத்துக்கு ஒன்று என்ற நிலையை உறுதிசெய்ய 3,000 குண்டுகள் தடங்கலின்றிச் செல்ல வேண்டும்.

இந்தச் சதவீதங்கள் சிறியவையாகத் தோன்றலாம். ரேபிட் ஃபயர் தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். மகளிர் 25 மீட்டர் பிஸ்டலிலும் 60. தடங்கல் வீதம் 3 சதவீதம் என்றால், அந்த 60 குண்டுகளில் குறைந்தது ஒரு தடங்கலாவது நேர்வதற்கான வாய்ப்பு 84 சதவீதம். 1 சதவீதம் என்றால் 45. ஆயிரத்துக்கு ஒன்று என்னும்போதுதான் அது 6 சதவீதமாகக் குறைகிறது. மூன்றின் விதி தருவது மேல்வரம்பு. உண்மை வீதம் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கலாம். ஆனால், ‘இருக்கலாம்’ என்பதும் ‘உறுதியாகத் தெரியும்’ என்பதும் வேறு.

போட்டி விதிகள் இதற்கு ஓரளவு இடம் தருகின்றன. வீரரின் தவறின்றிக் கோளாறு நேர்ந்தால், கைத்துப்பாக்கியை இலக்கின் திசையிலேயே பிடித்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தி நடுவரை அழைக்க வேண்டும். தோட்டா வெடிக்கவில்லை, உறை வெளியேறவில்லை என்பது போன்ற காரணங்களை நடுவர் ஏற்றுக்கொண்டால் தொடரை ஈடுசெய்ய வாய்ப்பு கிடைக்கும். பதற்றத்தில் வீரரே பின்மூடியைத் திறந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். சுடாத குண்டுகள் பூஜ்யம். ஏற்கப்படும் கோளாறுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. வாய்ப்பு கிடைத்தாலும், குலைந்த மனநிலையைத் திருப்பித் தர எந்த விதியாலும் முடியாது.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் கணக்கு ஊக்கத்தைக் கெடுத்துவிடும். சிறிய சோதனையால் ஒரு தோட்டாவை நல்லது என்று நிறுவ முடியாது. ஆனால், கெட்டது என்று ஒதுக்கிவிட முடியும். 50 குண்டுகளில் ஐந்து முறை சிக்கினால், அந்தச் சேர்க்கையின் உண்மை வீதம் வெறும் 2 சதவீதமாக இருந்து தற்செயலாக ஐந்து நேர்ந்திருப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் நான்கைவிடக் குறைவு. மேற்கொண்டு தோட்டாக்களை வீணாக்க வேண்டியதில்லை. ஆகவே ஐம்பது குண்டுச் சோதனைக்கு ஒரு பயன் உண்டு: அது சல்லடை. சலித்து எஞ்சியதை அளப்பதற்கு வேறு சோதனை வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். புதிய துப்பாக்கியின் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உரசிப் பழகட்டும் என்று முதல் நூறு குண்டுகளைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். அவற்றில் நேரும் தடங்கல்களைக் குறித்துக்கொள்ளலாம். தீர்ப்பில் சேர்க்கக் கூடாது. பிறகு, கையேடு அனுமதிக்கும் வகைகளில் மூன்றை எடுத்து ஐம்பது ஐம்பதாகச் சலிக்க வேண்டும். தேறியவற்றில் ஒன்றைத் தேர்ந்து, ஒரே தயாரிப்புத் தொகுதி எண் கொண்ட தோட்டாக்களில் 300 சுட வேண்டும். மொத்தம் 550. அதன் பிறகு சோதனை முடிந்துவிட்டது என்று எண்ணாமல், அன்றாடப் பயிற்சியில் சுடும் ஒவ்வொரு குண்டையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். தீவிரமாகப் பயிற்சி செய்பவருக்கு 3,000 என்ற எண்ணிக்கை சில மாதங்களில் தானாக வந்துவிடும். கூடுதல் செலவு ஒரு குறிப்பேடும் பேனாவும்.

சலிக்கும்போது வரிசை முக்கியம். முதலில் ‘அ’ வகையில் ஐம்பது, பிறகு ‘ஆ’ வகையில் ஐம்பது, கடைசியில் ‘இ’ என்று சுட்டால், துப்பாக்கி அழுக்கேறிய நிலையிலும் கை சோர்ந்த நிலையிலும் சிக்குவது ‘இ’ வகைதான். பழி தோட்டாவுக்கு, குற்றம் பசைக்கு. பத்துப் பத்தாக மாற்றி மாற்றிச் சுட வேண்டும். அடுத்த சுற்றில் வரிசையை மாற்ற வேண்டும். ஒருவர் எறியும் மெழுகு இன்னொருவர் கணக்கில் ஏறும் சிக்கல் இதிலும் முழுமையாக நீங்காது. எனவேதான் இறுதி 300 ஒரே வகையாக இருக்க வேண்டும். மேகசின்களில் 1, 2, 3 என்று எண்ணிட்டு, எந்தத் தடங்கல் எந்த மேகசினில் என்பதையும் எழுத வேண்டும். விளிம்புள்ள தோட்டாக்களை மேகசினில் அடுக்கும்போது மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அது முன்னே நகராது. தோட்டா வகையை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராத பல தொல்லைகளின் மூலம் ஒரே ஒரு மேகசினின் வளைந்த உதடாக இருப்பதுண்டு.

தடங்கலின் வகையை எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதுவது, நோயாளிக்கு ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் எழுதி வைப்பதைப் போன்றது. உறை பாதி வெளியேறி வாயிலில் செங்குத்தாக நின்றால், தள்ளுவிசை போதவில்லை என்பது முதல் ஐயம். சுடுபவரின் மணிக்கட்டு தளர்ந்து பின்மூடியின் ஓட்டத்தை உறிஞ்சிக்கொண்டது என்பது அடுத்தது. உறை அறைக்குள்ளேயே இருந்துவிட்டால் கொக்கியையும் அறையின் பசையையும் பார்க்க வேண்டும். அடுத்த தோட்டாவின் மூக்கு சரிவில் முட்டி நின்றால் குண்டின் வடிவத்தையும் மேகசினையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஈலி நிறுவனம் ரைஃபிள்களுக்கான உயர்தரத் தோட்டாவைத் தட்டையான மூக்குடனும், கைத்துப்பாக்கிக்கான வகையை உருண்டை மூக்குடனும் தயாரிப்பது இந்தக் காரணத்தால்தான். லப்புவா நிறுவனமும் கைத்துப்பாக்கிக்கென்றே தனி வகைகள் வைத்திருக்கிறது.

வெடிக்காத தோட்டா எல்லாவற்றிலும் சுவையான புதிர். விசையை அழுத்தியும் சத்தம் வரவில்லையெனில், குழலை இலக்கை நோக்கியே பிடித்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் அரிதாயினும் உண்டு. பிறகு வெளியே எடுத்து விளிம்பில் ஊசித் தடத்தைப் பார்க்க வேண்டும். தடம் மேலோட்டமாக இருந்தால் குறை பெரும்பாலும் ஊசியிலோ அதன் வில்லிலோ இருக்கிறது. ஆழமான தடம் இருந்தும் வெடிக்கவில்லை, திருப்பி வைத்தால் வெடிக்கிறது எனில், விளிம்பில் மருந்து பரவாத இடம் இருந்திருக்கிறது. மூன்றாவது சாத்தியமும் உண்டு: அறையில் படிந்த பசையால் தோட்டா முழுமையாக உட்காரவில்லை, ஊசியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிட்டது, இரண்டாவது அடியில், திருப்பாமலேயே வெடித்துவிடும். இந்த மூன்றும் ‘தோட்டா மோசம்’ என்ற ஒரே வரியில் பதிவாகிவிட்டால், சுத்தம் செய்ய வேண்டிய துப்பாக்கிக்காகத் தோட்டாவை மாற்றிக்கொண்டே இருப்போம்.

ஒன்றை மட்டும் சோதனை என்ற பெயரில் தொடரவே கூடாது. வழக்கமான ஓசைக்குப் பதிலாக மெல்லிய ஓசை கேட்டால் அடுத்த குண்டைச் சுடாமல் நிறுத்திவிட வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். குழலைப் பார்த்துத் தெளிந்த பிறகே மேற்கொண்டு எதுவும்.

துல்லியத்தின் மீதான மோகம்

நம் வீரர்கள் தோட்டாவைத் தேர்வு செய்யும்போது முதலில் கேட்பது துல்லியத்தை. ரைஃபிள் வீரர்களுக்கு அது நியாயம். 50 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். அதனால்தான் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஈலியும், ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லப்புவாவும் சோதனை மையங்கள் நடத்துகின்றன. வீரர் தமது ரைஃபிளைக் கொண்டு சென்றால், அதை அசையாத தாங்கியில் பொருத்தி, பல தயாரிப்புத் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, அந்தக் குழலுக்கு மிகப் பொருத்தமான தொகுதியைத் தேர்ந்து தருவார்கள்.

25 மீட்டர் கைத்துப்பாக்கியில் நிலைமை வேறு. துல்லியச் சுற்றில் பத்துப் புள்ளி வட்டம் 50 மில்லிமீட்டர். வேகச் சுற்றில் 100 மில்லிமீட்டர். அந்தத் தொலைவில் ஒரு தோட்டா 15 மில்லிமீட்டர் பரப்பில் குவிகிறதா, 20 மில்லிமீட்டர் பரப்பில் குவிகிறதா என்பது, கையின் நடுக்கத்தோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதல்ல. நான்கு விநாடிகளில் ஐந்தாவது குண்டு புறப்படாமல் போவதே பேரிழப்பு. ஆயினும் விலை உயர்ந்த ரைஃபிள் தோட்டாவைக் கைத்துப்பாக்கியில் போட்டு, அது சிக்கும்போது துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் உண்டு. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் விலை, பெட்டிக்குள் இருப்பது தமது துப்பாக்கிக்கு ஏற்றது என்பதற்குச் சான்று ஆகிவிடாது.

இந்தியச் சூழலில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. சர்வதேசத் தரமுள்ள .22 தோட்டாக்கள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகின்றன. வீரர்கள் எவ்வளவு வாங்கலாம், எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதை ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் வரையறுக்கின்றன. கட்டுப்பாடு அவசியமே, அதில் இரு கருத்து இருக்க முடியாது. ஆனால், ஒதுக்கீடு ‘இத்தனை ஆயிரம் தோட்டா’ என்று எண்ணிக்கையில் மட்டுமே பார்க்கப்படும்போது தொகுதி எண் மறக்கப்படுகிறது. ஒரு தொகுதியில் 300 சுட்டு நம்பிக்கை பெற்ற இளம் வீராங்கனைக்கு, அடுத்த மாதம் கிடைப்பது வேறு தொகுதி; சில வேளைகளில் வேறு நிறுவனத்தின் தோட்டா. முந்தைய சோதனையின் பெரும்பகுதி அன்றே காலாவதியாகிவிடுகிறது. மறுபடி சோதிக்கத் தோட்டா செலவழிக்க அவரும் அவருடைய பெற்றோரும் தயங்குவார்கள். தயக்கம் இயல்பானது, ஒவ்வொரு பெட்டியும் பணம். விளைவு, தோட்டாவின் முதல் உண்மையான சோதனை மாநிலப் போட்டியில் நடக்கிறது.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் வேண்டியதில்லை. சங்கங்களும் மாநில விளையாட்டு ஆணையங்களும் தோட்டா கொள்முதல் செய்யும்போது சில மாதங்களுக்குத் தேவையானதை ஒரே தொகுதியாகக் கேட்டு வாங்கலாம். வழங்கும்போது தொகுதி எண்ணைப் பதிவேட்டில் எழுதி, ஒரு வீரருக்குத் தொடர்ந்து அதே தொகுதியைத் தரலாம். அரசு உதவியில் புதிய கைத்துப்பாக்கி வாங்கித் தரப்படும்போது, அதே ஆணையில் சோதனைக்கென 550 தோட்டாக்களைப் பயிற்சி ஒதுக்கீட்டில் கை வைக்காமல் தனியே ஒதுக்கலாம். அந்தச் சோதனையின் குறிப்பேட்டை, துப்பாக்கியின் உரிம ஆவணங்களைப் போலவே, பயிற்றுநர் வாங்கிப் பார்க்கலாம். தொகுதி எண், மேகசின் எண், சுட்ட எண்ணிக்கை, தடங்கலின் வகை, கடைசியாகச் சுத்தம் செய்த நாள் என ஐந்து பத்திகள் போதும்.